புது எலெக்ட்ரோஸ்டேடிக் ஸ்பீக்கரில் பேஸ் வரவில்லையா?

குரல் அத்தனை தெளிவு, ஆனால் பேஸ் (கீழ்ஸ்தாயி) இல்லை, சோபாவில் கொஞ்சம் நகர்ந்தாலே மேல்ஸ்தாயி மங்குகிறது என்கிறீர்கள். ஸ்பீக்கரில் கோளாறு இருக்கும் என்று எனக்குத் தோன்றவில்லை. அவசரப்பட்டுத் திருப்பி அனுப்பாதீர்கள்.

எலெக்ட்ரோஸ்டேடிக் ஸ்பீக்கரில் ஒலி எழுப்புவது, மின்விசையால் அதிரும் மெல்லிய படலம் கொண்ட ஒரு பேனல். அது முன்னாலும் பின்னாலும் ஒலி எழுப்பும். பின்னால் போவது எதிர்க்கட்டத்தில் இருக்கும், அதாவது முன்னால் காற்றைத் தள்ளும்போது பின்னால் இழுக்கும். பேஸ் அலைகள் ஓரத்தைச் சுற்றி வந்து ஒன்றையொன்று அழித்துவிடும். சுவர் பக்கத்தில் இருந்தால் திரும்பி வரும் ஒலியும் சேர்ந்து குழப்பும். பின்சுவருக்கும் ஸ்பீக்கருக்கும் நடுவே நீங்கள் விட்டிருக்கும் ஒரு சாண் இடைவெளி போதவே போதாது. ஒரு மீட்டராவது முன்னே இழுங்கள். அப்புறம் நன்றாகப் பழகிய ஒரே பாட்டைப் போட்டு, ஐந்தைந்து சென்டிமீட்டராக நகர்த்திக் கேளுங்கள். பொறுமை வேண்டும், ஆனால் பலன் பெரிது.

நகர்ந்தால் மங்குவது இந்த வகையின் இயல்பு. அகலமான பரப்பு மேல்ஸ்தாயியைக் கற்றையாகத்தான் அனுப்பும். உங்களுடையது வளைந்த பேனல் என்றால், உட்காரும் இடத்தில் முகவாய்க்கு அருகே டார்ச்சைப் பிடியுங்கள். அதன் பிரதிபலிப்பு பேனலின் உள்பக்க (மற்ற ஸ்பீக்கரை ஒட்டிய பக்க) மூன்றில் ஒரு பங்கில் தெரியும்படி ஸ்பீக்கரைத் திருப்புங்கள்.

ஆம்ப்ளிஃபயர் எது? உச்ச அதிர்வெண்ணில் மின்மறுப்பு (ஆம்ப்ளிஃபயருக்கு ஸ்பீக்கர் காட்டும் எதிர்ப்பு) 2 ஓமுக்கும் கீழே இறங்கும் ஸ்பீக்கர் மாடல்கள் உண்டு. அவ்வளவு குறைந்தால் உங்கள் ஆம்ப்ளிஃபயர் தாங்குமா என்று பார்த்துவிடுங்கள்.