வாசகர் கேள்வி பதில்: கனரக இயந்திரம் இயக்குவோரும் வெளிநாட்டு வேலையும்

கேள்வி: எனக்கு வயது 28. சாதாரண தரத்துடன் படிப்பை நிறுத்திவிட்டு, ஒப்பந்தகாரர் ஒருவரிடம் முதலில் பெக்கோவிலும் பின்னர் 20 தொன் எக்ஸ்கவேட்டரிலுமாக எட்டு வருடங்கள் வேலை செய்திருக்கிறேன். வீதி, வாய்க்கால், குளக்கட்டு என எல்லா வேலையும் பழக்கம். சான்றிதழ் ஒன்றும் கிடையாது. கட்டாருக்கோ சவூதிக்கோ போக விரும்புகிறேன். எங்கிருந்து தொடங்குவது?
- வாசகர் ஒருவர், செங்கலடி

பதில்: தம்பி, எட்டு வருட அனுபவம் பெரிய முதல். ஆனால் அந்த அனுபவத்தை உங்கள் முதலாளியும் உங்களுடன் வேலை செய்தவர்களும் மட்டுமே அறிவார்கள். டோஹாவில் ஆளெடுக்கும் நிறுவனத்திற்கு உங்கள் குளக்கட்டு தெரியாது; அதன் கண்ணில் படுவது கடதாசி மட்டும்தான். ஆகவே, முகவரைத் தேடிப் போவதற்கு முன்பு கைத்திறனைக் கடதாசிக்குக் கொண்டுவாருங்கள். இந்த ஒரு வேலையைத் தள்ளிப்போட்டதால் நல்ல இயக்குநர்கள் பலர் சாதாரண கூலியாளராகப் பதிவாகி விமானம் ஏறியிருக்கிறார்கள் என்பதால் இதை அழுத்தமாகச் சொல்கிறேன்.

அதற்கு நமது நாட்டிலேயே வழி இருக்கிறது. பயிற்சி நெறி எதையும் படிக்காமல் தொழிலைச் செய்து பழகியவர்களுக்கு, முன்கற்றலை அங்கீகரித்து என்.வி.கியூ. எனப்படும் தேசிய தொழிற்தகைமைச் சான்றிதழ் வழங்கும் முறையை நைட்டா எனப்படும் தேசிய பயிலுநர் மற்றும் கைத்தொழில் பயிற்சி அதிகாரசபை நடத்துகிறது. நீங்கள் செய்த வேலைகளுக்கான ஆதாரங்களை மதிப்பீட்டாளர் முதலில் பார்ப்பார். பின்னர் இயந்திரத்தில் ஏற்றி வேலை செய்யவைத்துப் பார்ப்பார். குறைபாடு தெரிந்தால் அந்தப் பகுதியை மட்டும் பயின்று மீண்டும் வரலாம். சாரதி அனுமதிப்பத்திரத்தில் விசேட நோக்க வாகனங்களுக்கான ஜே வகுப்பு உங்களுக்கு இல்லையென்றால் அதையும் இப்போதே எடுத்துவிடுங்கள்.

முதலாளியிடம் அனுபவக் கடிதம் கேட்கும்போது "நல்ல பையன், நேர்மையானவன்" என்று நான்கு வரி எழுதுவித்து வாங்கிக்கொண்டு வராதீர்கள். எந்த வகை இயந்திரம், எத்தனை தொன், எந்தத் திகதியிலிருந்து எந்தத் திகதி வரை, வாய்க்கால் வெட்டியதா, வீதிக்கு மட்டம் எடுத்ததா, டிப்பருக்கு ஏற்றியதா என்ற விபரங்கள் எல்லாம் நிறுவனத்தின் தலைப்புக் கடிதத்தாளில், கையொப்பத்துடனும் தொலைபேசி இலக்கத்துடனும் இருக்க வேண்டும்.

அடுத்தது திறன் சோதனை. வெளிநாட்டு நிறுவனங்களின் பிரதிநிதிகள் கொழும்புக்கு வந்தோ, உள்ளூர் சோதனை நிலையம் ஒன்றின் மூலமாகவோ இதை நடத்துவார்கள். நம்மவர்கள் இங்கே தவறுவது தோண்டத் தெரியாமல் அன்று. வந்தவுடன் கெபினில் ஏறி இயந்திரத்தை இயக்கிவிடுகிறார்கள். அந்த இடத்திலேயே புள்ளி போய்விடுகிறது. முதலில் இயந்திரத்தைச் சுற்றி வந்து என்ஜின் எண்ணெய், ஹைட்ரோலிக் எண்ணெய், ரேடியேட்டர் நீர், செயினின் இறுக்கம், எங்காவது கசிவு இருக்கிறதா என்பதையெல்லாம் பார்க்க வேண்டும். டிப்பருக்கு ஏற்றும்போது பக்கெட்டைச் சாரதியின் தலைக்கு மேலாகச் சுழற்றக் கூடாது. இறங்குவதற்கு முன் பக்கெட்டைத் தரையில் பதித்துவிட வேண்டும். இன்னொன்று, பூமை, அதாவது பக்கெட்டைத் தாங்கும் பெரிய கையை, ஏற்றி இறக்கும் லீவர் சில இயந்திரங்களில் வலக்கையிலும் வேறு சிலவற்றில் இடக்கையிலும் இருக்கும். நீங்கள் பழகிய முறை எது என்பதைத் தெரிந்துகொண்டு, சோதனை இயந்திரத்தில் அது எப்படி இருக்கிறது என்று கேட்ட பின்னர் தொடங்குங்கள். அப்படிக் கேட்பது தொழில் தெரிந்தவனின் அடையாளம்; வெட்கப்பட ஒன்றுமில்லை.

வயல் வாய்க்காலில் வெட்டும்போது நிலத்துக்குள் என்ன இருக்கிறது என்று நாம் பெரிதாக யோசிப்பதில்லை. வளைகுடா நகரங்களில் நிலத்துக்குள் மின்கம்பி, நீர்க்குழாய், தொலைத்தொடர்புக் கம்பி எல்லாம் ஓடுகின்றன. தோண்டுவதற்கான எழுத்து மூல அனுமதி இல்லாமலும் சைகை காட்டுபவர் அருகில் இல்லாமலும் பக்கெட்டை மண்ணில் வைக்கக் கூடாது என்பது அங்கே வேலைத்தளத்தின் முதல் ஒழுங்கு. சைகைகளையும், வேலைத்தளத்தில் புழங்கும் சில பத்து ஆங்கிலச் சொற்களையும் இங்கிருந்தே கற்றுக்கொண்டு போங்கள். அங்கு சென்ற பின்னரும் அந்நாட்டு விதிப்படி உங்கள் இயந்திரத்துக்குரிய அனுமதிப்பத்திரத்தைப் பெற வேண்டியிருக்கும். அந்தச் செலவை யார் ஏற்பது என்பதை ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் முன் கேளுங்கள்.

ஒப்பந்தத்தில் உங்கள் பதவி "இயக்குநர்" என்று மொட்டையாக இருந்தால் போதாது. எக்ஸ்கவேட்டர் இயக்குநர் என்றே எழுதப்பட்டிருக்க வேண்டும். வீசாவில் உள்ள தொழிலும் அதனோடு பொருந்த வேண்டும். அடிப்படைச் சம்பளம் எவ்வளவு, மேலதிக நேரக் கொடுப்பனவு எவ்வளவு என்று தனித்தனியாகப் பாருங்கள், ஏனென்றால் இரண்டையும் கூட்டிப் பெரிய தொகையாகச் சொல்லி ஆசை காட்டுவது வழக்கம். கோடை வெயிலில் திறந்த வெளி வேலைக்குச் சட்டப்படி இடைவேளை உண்டு. கட்டாரில் ஜூன் 1 முதல் செப்டெம்பர் 15 வரை காலை 10 மணியிலிருந்து பிற்பகல் 3.30 வரை வெயிலில் வேலை வாங்க முடியாது. ஐக்கிய அரபு இராச்சியத்தில் ஜூன் 15 முதல் செப்டெம்பர் 15 வரை பகல் 12.30 இலிருந்து 3 மணி வரை அந்தத் தடை இருக்கிறது.

கேள்வி: என் கணவர் டோசர் ஓட்டுபவர். எங்கள் ஊரில் ஒருவர், "முதலில் விசிட் வீசாவில் டுபாய் போகட்டும், அங்கே போய் வேலை வீசாவாக மாற்றித் தருகிறேன்" என்று சொல்லிப் பெருந்தொகை கேட்கிறார். பற்றுச்சீட்டு தர மாட்டாராம். நகையை அடகு வைக்கலாமா என்று யோசிக்கிறோம். பயமாகவும் இருக்கிறது.
- வாசகி ஒருவர், திருக்கோவில்

பதில்: தங்கச்சி, உங்கள் பயம் நியாயமானது. நகையை அடகு வைக்க வேண்டாம். விசிட் வீசாவில் இருப்பவர் அங்கே வேலை செய்வது சட்டவிரோதம். பிடிபட்டால் தண்டனையும் நாடு கடத்தலும் உங்கள் கணவருக்குத்தான். பணம் வாங்கியவர் அப்போது இங்கேதான் இருப்பார். அதைவிட எனக்குக் கவலை தருவது, டோசரின் மீது இருக்கும் மனிதருக்கு விபத்து நேர்ந்தால், வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தில் பதிவில்லாமல் போனவருக்கு அதன் காப்புறுதி என்ற ஒன்றே இருக்காது என்பதுதான்.

1985ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் அமைந்த இலங்கை வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தின் அனுமதிப்பத்திரம் இல்லாத எவரும் வெளிநாட்டு வேலைக்கு ஆட்களைச் சேர்க்க முடியாது. அனுமதி பெற்ற முகவரும் சட்டம் இடமளித்ததற்கு மேல் ஒரு சதமும் பெற முடியாது. அவரிடம் அனுமதிப்பத்திர இலக்கத்தைக் கேளுங்கள். இருப்பதாகச் சொன்னால், அவரது முகவர் நிறுவனத்துக்கு டோசர் இயக்குநர் வேலைக்கு ஆள் கேட்கும் வெளிநாட்டுக் கோரிக்கை பணியகத்தின் ஒப்புதலோடு உண்மையில் இருக்கிறதா என்று 1989 என்ற இலக்கத்துக்கு அழைத்து விசாரியுங்கள். உங்கள் பிரதேச செயலகத்திலும் இதற்கென வெளிநாட்டு வேலைவாய்ப்புக்குப் பொறுப்பான அபிவிருத்தி உத்தியோகத்தர் இருப்பார். அவரைச் சந்திப்பதற்குப் பணம் எதுவும் தேவையில்லை. கடவுச்சீட்டை ஊர்க்காரர் கையில் கொடுத்திருந்தால் இன்றே திரும்ப வாங்குங்கள். அவர் உறவினராக இருந்தாலும் இந்த விடயத்தில் முகம் பார்க்காதீர்கள்.

கேள்வி: கனடாவில் கனரக இயந்திர இயக்குநர்களுக்கு நல்ல சம்பளம் என்கிறார்கள். நேரடியாகப் போக முடியுமா?
- வாசகர் ஒருவர், கல்முனை

பதில்: பாதை இருக்கிறது, ஆனால் நீளமானது. கனடாவின் தொழில் வகைப்படுத்தலில் இந்தத் தொழிலுக்கு 73400 என்ற இலக்கம் உண்டு. கைத்திறன் தொழில்களுக்கான கூட்டாட்சித் திட்டத்தின் (Federal Skilled Trades Program) கீழ் விண்ணப்பிக்க, கடந்த ஐந்து ஆண்டுகளுக்குள் இரண்டு ஆண்டுகள் முழுநேர அனுபவமும் ஆங்கில மொழிச் சோதனையும் வேண்டும். ஐ.ஈ.எல்.ரி.எஸ். பொதுப் பிரிவில் பேசுவதிலும் கேட்பதிலும் 5.0, வாசிப்பில் 3.5, எழுத்தில் 4.0 புள்ளிகள் போதும். எனினும் கனடிய முதலாளி ஒருவரிடமிருந்து குறைந்தது ஒரு வருட வேலை வாய்ப்போ, அங்குள்ள மாகாணம் வழங்கும் தொழிற் சான்றிதழோ இருக்க வேண்டும் என்பதுதான் நம்மவர்களுக்குக் கடினமான படி. எல்லாம் இருந்து தகுதி பெறுவது வேறு, விண்ணப்பிக்கும்படி கனடிய அரசின் அழைப்புக் கிடைப்பது வேறு.

வெளிநாட்டவரை வேலைக்கு எடுக்கும் முதலாளி பெற வேண்டிய எல்.எம்.ஐ.ஏ. என்ற அனுமதிக்கான 1,000 கனடிய டொலரை முதலாளியே செலுத்த வேண்டும்; அதைத் தொழிலாளியிடமிருந்து அறவிடுவதைக் கனடியச் சட்டம் தடுக்கிறது. ஆகவே "எல்.எம்.ஐ.ஏ. கட்டணம்" என்று உங்களிடம் யாராவது பணம் கேட்டால் அந்தப் பேச்சை அங்கேயே நிறுத்திவிடுங்கள். இப்போதைக்கு மொழிச் சோதனைக்கு ஆயத்தமாகுங்கள். செங்கலடி வாசகருக்குச் சொன்ன விதத்திலேயே அனுபவக் கடிதங்களையும், சம்பளம் பெற்றதற்கான வங்கிப் பதிவுகளையும் ஒவ்வொரு மாதமும் சேர்த்து வாருங்கள்.