ஒரே ஆவணப்படம், எதிரெதிர் முடிவுகள்: ஏன்?

துப்பாக்கி வன்முறையைக் கண்டிக்கும் ஒரே ஆவணப்படத்தைப் பார்த்த இருவர் எதிரெதிர் முடிவுக்கு வருவது ஏன் என்று கேட்டிருக்கிறீர்கள். ஒரு படைப்பின் கருத்தைப் பார்வையாளர் முழுமையாக ஏற்கலாம், பாதி ஏற்கலாம், எதிர்த்தும் பொருள்கொள்ளலாம் எனப் பண்பாட்டு ஆய்வாளர் ஸ்டூவர்ட் ஹால் 1973இல் விளக்கினார்.

மைக்கேல் மூரின் 'பௌலிங் ஃபார் கொலம்பைன்' (2002) படத்தில், துப்பாக்கி உரிமைக்காகப் போராடும் அமெரிக்க அமைப்பான தேசிய ரைஃபிள் சங்கத்தின் அப்போதைய தலைவர் சார்ல்டன் ஹெஸ்டன் துப்பாக்கியைத் தலைக்கு மேல் உயர்த்தும் காட்சி, 1999இல் அமெரிக்காவின் கொலம்பைன் பள்ளியில் துப்பாக்கிப் படுகொலை நடந்த 11 நாள்களில் டென்வரில் அவர் ஆற்றிய உரையோடு இணைக்கப்பட்டுள்ளது. உண்மையில் அக்காட்சி மறு ஆண்டு வேறொரு நகரில் எடுக்கப்பட்டது. துயரத்தோடு பார்ப்பவர் அங்கே இரக்கமின்மையைக் காண்கிறார். துப்பாக்கியை உரிமையாகக் கருதுபவரோ, அந்த ஒட்டுவேலையை அறிந்ததும் படம் முழுவதையும் சந்தேகிக்கிறார். இந்த நம்பிக்கை இழப்பு எனக்கு வருத்தமளிக்கிறது. ஏனெனில், அந்தப் படுகொலையில் சுடப்பட்டு உடலில் தோட்டாவைச் சுமந்த மாணவர்கள் கேமார்ட் என்ற சில்லறை விற்பனை நிறுவனத்திடம் நேரில் சென்று தோட்டா விற்பனையை நிறுத்தக் கோரும் பகுதிக்கு எந்த ஒட்டுவேலையும் தேவைப்படவில்லை.