மாடுலேஷன் எஃபெக்ட்: கேட்டவையும் பதில்களும்

கேள்வி: அண்ணா, கீபோர்டு பேடுக்கு (நீளமா ஒலிக்கிற பின்னணிச் சத்தம்) கோரஸ் போட்டா ஸ்ருதி விலகின மாதிரி கேக்குது. டெப்த்தைத் தொடவே இல்லை, ரேட்டை மட்டும்தான் ஏத்தினேன்.

பதில்: அந்த ரேட்தான் காரணம் தம்பி. கோரஸ் சத்தத்தோட ஒரு நகலை 20 மில்லி செகண்ட் வாக்கில் தாமதமா விடுது. எல்எஃப்ஓ, அதாவது மெதுவா ஆடுற ஒரு அலை, அந்தத் தாமதத்தைக் கூட்டிக் குறைக்குது. அது ஆடுற வேகம்தான் ரேட், ஆடுற அளவு டெப்த். தாமதம் எவ்வளவு வேகமா மாறுதோ, நகலோட ஸ்ருதி அவ்வளவு ஏறி இறங்கும். 2 மில்லி செகண்ட் முன்னும் பின்னும் ஆடுதுன்னு வச்சுக்கோங்க. ரேட் 0.5 ஹெர்ட்ஸ்னா விலகல் சுமார் 11 சென்ட் (ஒரு கட்டைக்கு 100 சென்ட்), இதமா இருக்கும். அதே டெப்த்துல 3 ஹெர்ட்ஸுக்குப் போனா சுமார் 64 சென்ட். அடுத்த கட்டைக்குப் பாதி தூரம் தாண்டியாச்சு! ரேட் ரெண்டு மடங்கானா டெப்த்தைப் பாதியாக்குங்க.

கேள்வி: ஃபிளாஞ்சரும் ஃபேஸரும் எனக்கு ஒண்ணாவே கேக்குது சார்.

பதில்: ரெண்டையும் ஹை-ஹாட்ல போட்டுப் பாருங்க, உடனே பிரிஞ்சிடும். ஃபிளாஞ்சர்ல தாமதம் 10 மில்லி செகண்டுக்குள்ள, கூடவே ஃபீட்பேக், அதாவது வெளிய வந்த சத்தத்தையே திரும்ப உள்ள விடுறது. சில அலைவரிசைகள் அடங்கிப் போய், சீரான இடைவெளியில வரிசையா பள்ளம் விழும். அந்த ஜெட் விமானச் சத்தம் அதனாலதான். ஃபேஸர்ல தாமதத்துக்குப் பதிலா ஆல்-பாஸ் ஃபில்டர்கள், சத்தத்தோட அளவை மாத்தாம ஃபேஸை மட்டும் நகர்த்தும். நாலு ஸ்டேஜ் ஃபேஸருக்கு ரெண்டே பள்ளம். கிளீன் கிட்டார்ல ஃபிளாஞ்சர் எடுபடலைன்னா டிஸ்டார்ஷனுக்கு அப்புறம் போடுங்க, ஹார்மானிக்ஸ் நிறைஞ்சாதான் பள்ளம் தெரியும்.

கேள்வி: ஹெட்போன்ல அகலமா இருக்குற பேஸ் கிட்டார் மண்டப ஸ்பீக்கர்ல காணாமப் போகுது.

பதில்: காரணம் மோனோ, மண்டபத்துல இடமும் வலமும் ஒண்ணா சேர்ந்து வருது. சில ஸ்டீரியோ கோரஸ் நகலை ஒரு பக்கம் தலைகீழா அனுப்பும். இடமும் வலமும் சேர்ந்தா அந்த நகல் அடிபட்டுப் போயிடும். மிக்ஸ் குமிழை முழுக்க வெட்ல (எஃபெக்ட் சத்தம் மட்டும்) வச்சிருந்தா மிஞ்ச ஒண்ணுமில்லை. கோரஸைத் தனி ஆக்ஸ்ல (எஃபெக்டுக்குன்னு தனியா ஓடுற சேனல்) போட்டு, அதுல 200 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டிடுங்க. மூலச் சத்தம் நடுவுல அப்படியே நிக்கட்டும். மாஸ்டர்ல மோனோ பட்டனை அடிக்கடி தட்டிப் பார்க்காம மிக்ஸை வெளிய அனுப்பாதீங்க.

கேள்வி: குரலைத் தடிமனாக்க கோரஸ் போடலாம்னு அக்கா சொல்றாங்க, வேண்டாம்னு இன்னொருத்தர் சொல்றார்.

பதில்: பாடகர் இருந்தா இன்னொரு தடவை பாட வைங்க, அதுக்கு ஈடே இல்லை. ரெண்டாவது தடவை பாட அலுத்துப் போனவங்களுக்காகவே 1966ல இஎம்ஐ ஸ்டுடியோவுல கென் டவுன்செண்ட் டேப் மெஷின் வச்சு ஏடிடி (ரெண்டு தடவை பாடின மாதிரி தானா ஆக்குற முறை) கண்டுபிடிச்சார். பீட்டில்ஸ் அதை விடாம பயன்படுத்தினாங்க.

கேள்வி: ட்ரெமலோ (சத்தம் கூடிக் குறைஞ்சு துடிக்கிற எஃபெக்ட்) ரேட்டைப் பாட்டோட டெம்போவோட எப்படிச் சேர்க்கிறது?

பதில்: பிபிஎம்மை (நிமிஷத்துக்கு எத்தனை பீட்) 60ஆல வகுத்தா ஒரு பீட்டுக்கான ஹெர்ட்ஸ். 90 பிபிஎம்னா 1.5, பீட்டுக்கு ரெண்டு துடிப்பு வேணும்னா 3. ட்ரெமலோவுக்கு மட்டும் இதைச் செய்யுங்க. பேட்ல இருக்குற ஃபேஸரை டெம்போவோட சேர்க்காதீங்க, ஒவ்வொரு பார்லயும் ஒரே இடத்துல திரும்புறது சீக்கிரம் சலிச்சுப் போகும்.