பந்து வாங்கப் பணம் உண்டு, பல்பு மாற்ற இல்லை

வாசகர் கேள்வி – பதில்

சிறு விளையாட்டு கிளப்புகளுக்கு அரசு தரும் மானியம் பற்றிக் கேள்வி அனுப்பச் சொல்லியிருந்தோம். வந்ததில் பாதி கேள்வி, பாதி திட்டு. எனக்கு உள்ள தகுதி ஒன்றுதான்: ஒரு வாலிபால் கிளப்பில் பதினாறு வருஷம் பொருளாளராக இருந்தேன். ஆட்டம் சுமார்தான், அதனால்தான் கணக்கு நோட்டைக் கையில் கொடுத்து ஓரமாக உட்கார வைத்தார்கள்.

கேள்வி: மருத்துவமனையில் படுக்கை போதவில்லை, பள்ளியில் ஆசிரியர் போதவில்லை. பந்து உதைக்க எதற்கு அரசுப் பணம்? ஆசைப்படுகிறவர்கள் கைக்காசைப் போடட்டுமே?

போட்டுக்கொண்டுதான் இருக்கிறார்கள். ஒரு சின்ன கிளப் முழுக்க அரசுப் பணத்தில் ஓடியதாக நான் கேள்விப்பட்டதே இல்லை. சந்தா, செயலாளர் தன் வண்டிக்குப் போடும் பெட்ரோல், யாரோ வீட்டிலிருந்து தூக்கிவரும் தண்ணீர்க் கேன், இவற்றில்தான் ஓடுகிறது. மானியம் என்பது மேலே விழுகிற கொஞ்சம்.

அந்தக் கொஞ்சமும் இல்லாமல் போனால் என்ன ஆகும் என்று ஒரு தடவை பார்த்தேன். ஒரு வருஷம் மானியம் வரவில்லை, சந்தாவை இரண்டு மடங்காக்கினோம். முதலில் நின்றுபோனவன் எங்கள் அணியின் நல்ல செட்டர், அதாவது அடிக்கிறவனுக்குப் பந்தைத் தூக்கிக் கொடுப்பவன். காசு இல்லை என்று அவன் வாயால் சொல்லவே இல்லை. கால் வலிக்கிறது என்றான். இரண்டு நாள் வேலிக்கு வெளியே சைக்கிளில் உட்கார்ந்தபடி, ஒரு காலைத் தரையில் ஊன்றிக்கொண்டு ஆட்டத்தைப் பார்த்தான். மூன்றாம் நாள் வரவில்லை. நோட்டில் அவன் பெயருக்கு நேரே ‘சந்தா பாக்கி’ என்று எழுதியவன் நான்தான்.

விளையாட்டுக்குச் செலவழித்தால் ஆஸ்பத்திரிச் செலவு மிச்சமாகும் என்று வாதாடுவது சுலபம். நான் அப்படி வாதாட மாட்டேன். எங்கள் கிளப்பால் எத்தனை படுக்கை மிச்சமானது என்று யாராலும் எண்ணிக் காட்ட முடியாது. ஆனால் நூலகத்தில் புத்தகம் எடுக்கிறவரிடம் ‘ஆசை உன்னுடையது, காசும் நீயே போடு’ என்று யாரும் சொல்வதில்லை. மைதானத்தையும் நான் அந்தக் கணக்கில்தான் வைக்கிறேன்.

கேள்வி: எங்கள் கிளப்பில் முப்பது பிள்ளைகள். முதல் தடவையாக மானியத்துக்கு விண்ணப்பிக்கிறோம். எதில் கவனமாக இருக்க வேண்டும்?

அறிவிப்பில் ‘எவற்றுக்கு நிதி கிடையாது’ என்று ஒரு பகுதி இருக்கும். பெரும்பாலும் கடைசிப் பக்கத்தில், பொடி எழுத்தில். முதலில் அதைப் படியுங்கள். நான் படிக்காமல் மாட்டிக்கொண்ட கதை இது.

எங்களுக்கு அப்போது வேண்டியிருந்தது விளக்கு. நான்கு கம்பங்களில் இரண்டு எரியவில்லை. இருட்டிவிட்டால் பந்து பாதி வழியில் காணாமல் போகும், அப்புறம் திடீரென்று மூக்குக்கு நேரே வரும். பல்பு, வயரிங், மின்கட்டணம் என்று எழுதிக் கொடுத்தோம். பராமரிப்புச் செலவு ஏற்கப்படாது, உபகரணம் மட்டும்தான் என்று திருப்பி அனுப்பினார்கள். வருகிற பணத்தை விடவும் மனமில்லை. யோசித்து யோசித்து மின்னணு ஸ்கோர்போர்டு கேட்டோம். உடனே கிடைத்தது! சிவப்பு எண்கள், ரிமோட், எல்லாம் உண்டு. ரிப்பன் வெட்டி, போட்டோ எடுத்து, கைதட்டி முடித்தோம். அதை ஓட்டும் மின்சாரத்துக்குத்தான் காசு இல்லை. பிளாஸ்டிக் உறையைக்கூடப் பிரிக்காமல் மூலையில் சாத்தி வைத்தோம். பிள்ளைகள் பழையபடி சுவரில் கரிக்கட்டியால் புள்ளி எழுதினார்கள்.

மானியம் கொடுப்பவர்களுக்குப் படத்தில் விழுகிற பொருள் பிடிக்கும். கிளப்பைச் சாய்ப்பது படத்தில் விழாத செலவு: மைதான வாடகை, கரண்ட் பில், காப்பீடு, வெளியூர்ப் போட்டிக்கு வண்டி, வலையின் மேல் கயிறு. வலையில் முதலில் இற்றுப்போவது அந்தக் கயிறுதான். கண்ணிகள் எல்லாம் நன்றாக இருக்கும், கயிறு தளர்ந்து நடுவில் தொங்கும். கயிறு மட்டும் கேட்டால் கிடைக்காது, முழு வலை கேட்டால் கிடைக்கும். நாங்கள் முழு வலை வாங்கி, கயிற்றை உருவிக்கொண்ட வருஷமும் உண்டு.

ஆகவே நீங்கள் கேட்கப்போகும் பொருளை வைத்துக் காப்பாற்ற வருஷத்துக்கு என்ன ஆகும் என்று தனித் தாளில் எழுதிப் பாருங்கள். அதற்கு வழி தெரியவில்லை என்றால் அந்தப் பொருளைக் கேட்காதீர்கள்.

அடுத்தது, பணம் எப்போது கைக்கு வரும் என்பது. பல திட்டங்களில் நீங்கள் முதலில் செலவு செய்து ரசீதைக் கொடுத்த பிறகுதான் தருவார்கள். கையில் முதல் இல்லாத கிளப்புக்கு அது கிடைத்தும் கிடைக்காத மாதிரி. சிலவற்றில் நேர்மாறு: நிதியாண்டு முடிகிற சமயத்தில் மொத்தமாகக் கொட்டி, உடனே செலவழித்துக் கணக்குக் கொடு என்பார்கள். எங்களுக்கு ஒருமுறை பதினொரு நாள் கிடைத்தது. என்ன செய்வது, நாற்பது பந்து வாங்கினோம். ஆட வருகிறவர்களே நாற்பது பேர் இல்லை.

கிளப் பெயரில் வங்கிக் கணக்கு, இரண்டு பேர் கையெழுத்து, கோட்டேஷன், தீர்மான நோட்டு, இதெல்லாம் உங்களுக்கே தெரியும். மைதான அனுமதியை மட்டும் எழுத்தில் வாங்கிவிடுங்கள். ‘அவர் ஒன்றும் சொல்ல மாட்டார் சார்’ என்பதை எந்த அலுவலகமும் ஏற்காது. தினமும் யார் யார் வந்தார்கள் என்ற வருகைப் பதிவேட்டையும் இன்றைக்கே தொடங்குங்கள். அழுக்கேறிய, வியர்வைக் கறை பட்ட ஒரு பதிவேட்டுக்கு இருக்கும் மரியாதை அழகாக அச்சடித்த திட்ட அறிக்கைக்கு இல்லை. இதை அனுபவத்தில் சொல்கிறேன்.

கேள்வி: கடைசியில் ஆளுங்கட்சிக்கு வேண்டிய கிளப்புக்குத்தான் பணம் போகப்போகிறது. விண்ணப்பம் எழுதி என்ன பயன்?

உங்கள் சந்தேகத்துக்கு ஆஸ்திரேலியாவில் எழுத்துப்பூர்வமான சாட்சியே இருக்கிறது. அங்கே மத்திய அரசு 2018இல் உள்ளூர் கிளப்புகளின் கட்டமைப்புக்கு என்று ஒரு மானியத் திட்டம் தொடங்கியது. மூன்று சுற்றுகளில் 10 கோடி ஆஸ்திரேலிய டாலர். 2,000க்கு மேல் விண்ணப்பம் வந்தது, 684 தேறின. விளையாட்டுத் துறையின் நிறுவனம் ஒவ்வொன்றுக்கும் முறையாக மதிப்பெண் போட்டது. அமைச்சர் அலுவலகத்திலோ தனியாக ஒரு அட்டவணை ஓடியது. எந்த கிளப் எந்தத் தொகுதியில் இருக்கிறது, அந்தத் தொகுதி எந்தக் கட்சியின் கையில் இருக்கிறது என்று நிறம் தீட்டிய அட்டவணை.

2020 ஜனவரியில் தேசியத் தணிக்கை அலுவலகம் இதை வெளியே கொண்டுவந்தது. இழுபறித் தொகுதிகளுக்கும், ஆளுங்கட்சி பிடிக்க நினைத்த தொகுதிகளுக்கும் பணம் சாய்ந்திருந்தது. நல்ல மதிப்பெண் வாங்கியும் வெறுங்கையோடு நின்ற கிளப்புகள் ஏராளம். அடுத்த மாதம் அமைச்சர் பிரிட்ஜெட் மெக்கென்சி பதவி விலகினார். எதற்காக என்றால், மானியம் பெற்ற ஒரு துப்பாக்கி சுடும் கிளப்பில் தானும் உறுப்பினர் என்பதை அறிவிக்காமல் விட்டதற்காக. நிறம் தீட்டிய அட்டவணைக்காக இல்லை! எனக்கு இன்றும் அது வேடிக்கையாகத்தான் இருக்கிறது.

ஆனால் ஒன்று. அங்கே மதிப்பெண் என்று ஒன்று தாளில் இருந்ததால்தான் குட்டு உடைந்தது. அதனால் விண்ணப்பம் எழுதுங்கள். நிராகரித்தால் ‘எனக்கு எத்தனை மதிப்பெண், கடைசியாகத் தேறியவருக்கு எத்தனை’ என்று கடிதம் போடுங்கள். பதில் வராமல் போகலாம். கடிதத்தின் நகல் உங்களிடம் இருக்கும்.

கேள்வி: சில நாடுகளில் லாட்டரிப் பணத்தில்தான் விளையாட்டை வளர்க்கிறார்களாமே. சூதாட்டக் காசில் பிள்ளைகளை விளையாட வைக்கலாமா?

எனக்கும் நெருடுகிற விஷயம்தான். பிரிட்டனில் 1994இல் தேசிய லாட்டரி தொடங்கியதிலிருந்து அதன் வருமானத்தில் ஒரு பங்கு விளையாட்டுக்குப் போகிறது. நார்வேயில் அரசே நடத்தும் சூதாட்ட நிறுவனம் இருக்கிறது. அதன் உபரியில் விளையாட்டுக்கு 64 சதவீதம், பண்பாட்டுக்கும் சமூகப் பணிக்கும் 18, 18. போதாததற்கு 2009 முதல் ‘அடிவேர்ப் பங்கு’ என்று பொருள்படும் பெயரில் ஒரு திட்டம். பந்தயம் கட்டுகிறவர் தனக்குப் பிடித்த உள்ளூர் கிளப்பைக் குறிப்பிட்டால், கட்டிய பணத்தில் 7 சதவீதம் அந்த கிளப்புக்குப் போகும் (முதலில் 5 ஆக இருந்தது). அவருடைய பரிசுத் தொகை குறையாது.

கிளப்புக்கு நல்ல வரும்படிதான். ஆனால் பக்கத்து வீட்டுக்காரர் எவ்வளவுக்கு எவ்வளவு தோற்கிறாரோ அவ்வளவுக்கு நமக்கு விளக்கு எரியும் என்ற ஏற்பாட்டில் எனக்கு உடன்பாடு இல்லை. நார்வேயில் எனக்குப் பொறாமை வருவது வேறொன்றைப் பார்த்து. 6 முதல் 19 வயது வரை உறுப்பினர்கள் உள்ள கிளப்புகளுக்கு உள்ளூர்ச் செயல்பாட்டு நிதி என்று தருகிறார்கள். தனி விண்ணப்பம் கிடையாது. உறுப்பினர் கணக்கை ஆண்டுதோறும் ஒப்படைத்தால், உள்ளூர் விளையாட்டுக் கவுன்சில் பிரித்துக் கொடுத்துவிடும். அதைப் பல்புக்கும் போடலாம், பந்துக்கும் போடலாம். படித்தபோது எங்கள் ஸ்கோர்போர்டு கண் முன்னால் வந்துபோனது.

கேள்வி: கிளப்புக்குக் கொடுத்தால்தானே நிர்வாகிகள் தின்கிறார்கள்? பெற்றோர் கையில் கொடுத்தால் என்ன?

எப்படிக் கொடுப்பது என்பதில்தான் சூட்சுமம். கனடாவில் 2007இல் பிள்ளைகளின் விளையாட்டுச் செலவுக்கு வருமான வரியில் கழிவு கொடுத்தார்கள். பிள்ளைக்கு 500 டாலர் வரை கணக்குக் காட்டலாம். கேட்க நன்றாகத்தான் இருந்தது. வரி கட்டும் அளவுக்கு வருமானமே இல்லாத குடும்பத்துக்கு அந்தத் தொடக்க ஆண்டுகளில் ஒன்றும் கிடைக்கவில்லை, எதில் கழிப்பது? 2017 முதல் அதை நிறுத்திவிட்டார்கள்.

ஐஸ்லாந்துத் தலைநகர் ரேக்யவிக்கில் அதே 2007இல் வேறு மாதிரி செய்தார்கள். 6 முதல் 18 வயதுப் பிள்ளைகள் ஒவ்வொருவர் பெயரிலும் நகராட்சி ஒரு தொகையை வைக்கும். பிள்ளை எந்த கிளப்பில் சேர்கிறதோ அங்கே கட்டணமாகப் போகும். எங்கள் செட்டருக்கு இது போதுமானதாக இருந்திருக்கும். அந்த நாட்டில் 15, 16 வயதினரிடையே கடந்த ஒரு மாதத்தில் குடித்துப் போதையேறியவர்கள் 1998இல் 42 சதவீதம், 2016இல் 5 சதவீதம். இதற்கு இந்த நகராட்சிப் பணம் மட்டும் காரணம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். பிள்ளைகள் இரவில் வெளியே சுற்றக் கட்டுப்பாடு, பெற்றோர் கூட்டு உறுதிமொழி என்று பலதும் சேர்ந்தது.

நிர்வாகிகள் தின்பது பற்றி: தின்கிறவர்கள் உண்டு. எங்கள் கிளப்பில் தின்ன ஒன்றும் இருந்ததில்லை.

கேள்வி: அரசிடம் பணமே இல்லை என்கிறார்கள். பணம் கொடுக்காமல் உதவ முடியாதா?

தாராளமாக முடியும். இங்கிலாந்தில் 2004 முதல், சமூக அமெச்சூர் கிளப் என்று பதிவு செய்துகொண்டால் கட்டடத்துக்கான வணிக வரியில் 80 சதவீதம் தள்ளுபடி. ஜெர்மனியில் கிளப்பில் பகுதிநேரமாகப் பயிற்சி கொடுப்பவர் வாங்கும் சிறு ஊதியத்தில் 2026இலிருந்து ஆண்டுக்கு 3,300 யூரோ வரை வரி கிடையாது (2021இலிருந்து அது 3,000 ஆக இருந்தது). ரிப்பன் வெட்ட வழியில்லாத உதவிகள் இவை, அதனால் யாரும் மேடையில் பேசுவதில்லை. இன்னும் எளிய வழி: சாயங்காலம் பூட்டிக் கிடக்கும் பள்ளி மைதானத்தின் சாவி.

கேள்வி: பன்னிரண்டு, பதின்மூன்று வயதானதும் பெண்பிள்ளைகள் நின்றுவிடுகிறார்கள். தனி மானியம் கேட்கலாமா?

கேளுங்கள். அதற்கு முன்னால் அந்தப் பிள்ளைகளைக் கேளுங்கள். நாங்கள் ஒரு வருஷம் பெண்களுக்கென்று சீருடை, ஷூ என்று பட்டியல் போட்டுக்கொண்டிருந்தோம். ஒரு பிள்ளையின் அம்மா வந்து, கழிப்பறைக் கதவுக்குத் தாழ்ப்பாள் இல்லை சார் என்றார். பதினாறு வருஷத்தில் அந்தக் கதவை நான் எத்தனை தடவை தள்ளித் திறந்திருப்பேன், ஒரு நாளும் கண்ணில் பட்டதில்லை. தாழ்ப்பாள் மாட்ட ஒரு பந்தின் விலைகூட ஆகவில்லை. பயிற்சியையும் வெளிச்சம் இருக்கும்போதே முடித்தோம். இரண்டு பேர் திரும்பி வந்தார்கள்; எல்லோரும் வரவில்லை.

கேள்வி: பதக்கம் வாங்கும் திறமைசாலிகளுக்கு மொத்தப் பணத்தையும் கொடுத்தால் நாட்டுக்காவது பெருமை?

அந்தத் திறமைசாலி பத்து வயதில் எங்கே ஆடினார் என்று விசாரியுங்கள்.

கேள்வி: பதினாறு வருஷத்தில் உங்கள் கணக்கு ஒருமுறையாவது உதைத்ததா? உண்மையைச் சொல்லுங்கள்.

உதைத்தது. பந்துக்குக் காற்றடிக்கும் ஊசி வாங்கிய ரசீது ஒன்று காணவில்லை. சில்லறைத் தொகைதான், ஆனால் மானியக் கணக்கு; பயன்பாட்டுச் சான்றிதழில் கையெழுத்துப் போட மாட்டேன் என்று ஆடிட்டர் உட்கார்ந்துவிட்டார். மூன்று நாள் தேடினேன். கடைசியில் அது ஒரு சின்னப் பையனின் பென்சில் டப்பாவில் இருந்தது. ஸ்கோர்போர்டு உறைக்குள் தூங்கிக்கொண்டிருந்ததால், பயிற்சியாளர் அந்த ரசீதின் முதுகில் புள்ளி எழுதியிருக்கிறார்: 25–23. அந்தப் பையன் ஜெயித்த முதல் ஆட்டம். தரமாட்டேன் என்று அழுதான். ஜெராக்ஸ் எடுத்துக்கொண்டு அசலை அவனிடமே கொடுத்துவிட்டேன்.

அசல் எங்கே என்று ஆடிட்டர் கேட்டார். விஷயத்தைச் சொன்னேன். சிறிது நேரம் ஜெராக்ஸைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அப்புறம் ‘அசல் பார்வையிடப்பட்டது’ என்று ஓரத்தில் எழுதிக் கையெழுத்துப் போட்டார், பார்க்காமலே.