பல கோணத்தில் பார்த்தால் சிக்கலுக்குப் புது வழி பிறக்குமா?

பிறக்குமுங்க. ஆனால் ஒரே தொழில்காரர்கள் மட்டும் கூடி உட்கார்ந்து "வித்தியாசமா யோசிப்போம்" என்றால் பிறக்காது. எங்க திருப்பூர் சாயத்தண்ணியையே எடுத்துக்குங்க.

பருத்தித் துணியில் சாயம் ஏற உப்பு வேணும், அதுவும் மூட்டை மூட்டையாக. சாயம் துணியில் பிடித்துக்கொள்ளும். உப்பு தண்ணியோடு வெளியே வந்துவிடும். சாயப்பட்டறைக்காரர்கள் பல வருஷம் கேட்டது ஒரே கேள்விதான்: இந்தத் தண்ணியை எப்படிச் சுத்தம் பண்ணி ஆத்துல விடுறது? அதனால் சுண்ணாம்பும் ஃபெரஸ் சல்பேட்டும் போட்டு நிறத்தை எடுப்பதோடு வேலை நின்றது. உப்பு அப்படியே நொய்யல் ஆத்துக்குப் போனது.

ஆத்துக்குக் கீழ்ப்பக்கம் இருக்கிற விவசாயிக்கு நிறமா பிரச்சினை? கிணறு உப்புக் கரிக்குது, தென்னை காயுது. பாசனத்துக்குக் கட்டின ஒரத்துப்பாளையம் அணை சாயக்கழிவுக் குட்டையாகிப் போய், "அணையில தண்ணி தேக்காதீங்க" என்று பாசனக்காரர்களே கேட்கிற நிலைமை வந்தது. (அணைக்கட்டு வரலாற்றிலேயே விசித்திரமான கோரிக்கை இதுவாகத்தான் இருக்கும்.)

விவசாயிகள் வழக்குப் போட்டார்கள். சொட்டுக் கழிவும் வெளியே போகக் கூடாது என்ற நிலைக்குச் சென்னை உயர் நீதிமன்றம் கொண்டுவந்தது. 2011 ஜனவரியில் 700க்கும் மேற்பட்ட பட்டறைகளை மூடச் சொன்னது. வெளியே விட வழியில்லை என்றானதும் கேள்வி மாறிப்போச்சு: இந்த உப்பு யாருக்கு வேணும்? காசு போட்டு உப்பு வாங்குகிற அதே பட்டறைக்குத்தான்!

இன்று பொது சுத்திகரிப்பு நிலையங்களில் ஆர்.ஓ. (உப்பைத் தடுக்கும் சவ்வு வடிகட்டி) மூலம் நல்ல தண்ணியைப் பிரித்து, மிச்சமாகும் அடர்த்தியான உப்புக்கரைசலையும் சுத்தம் செய்து மறுபடி சாயமேற்ற அனுப்புகிறார்கள். எல்லாவற்றையும் காய்ச்சித்தான் உப்பெடுக்கணும் என்றால் கரண்டுக்கும் விறகுக்குமே கட்டுபடியாகாது. கரைசலாகவே திருப்பி அனுப்பலாம் என்று கண்டதுதான் என் கணக்கில் உண்மையான புதுமை. அதைத் தோண்டி எடுக்க வைத்தது விவசாயியின் பார்வை, அதற்குப் பின்னால் கோர்ட்டு. வெறும் பார்வைக்கு அவ்வளவு பலம் இருந்திருக்காது.

இன்னும் முடியலைங்க. கடைசியில் தங்கும் கலப்பு உப்பு பட்டறைக்கும் ஆகாது, மண்ணுக்கும் ஆகாது, குவிந்து கிடக்குது. அதிலிருக்கும் சோடியம் சல்பேட் சோப்புத்தூளுக்கும் கண்ணாடிக்கும் வேண்டிய சரக்கு. எவ்வளவு சுத்தமாகப் பிரித்தால் வாங்குவீங்க என்று அடுத்து அந்தக் கம்பெனிக்காரர்களைக் கூப்பிட்டுக் கேட்கலாம்.