டெக்சாஸில் பெரிய மீன் பிடித்தவர் பெயரை அரசே பதிவு செய்து பாராட்டுகிறதாமே, இதெல்லாம் ஒரு சாதனையா?

சாதனைதான். யாரோ தன் பிள்ளை மீனோடு நிற்கும் படத்தை வாட்ஸாப் குழுவில் போட்டிருப்பார், அதைப் பார்த்துவிட்டுத்தான் கேட்கிறீர்கள் என்று நினைக்கிறேன். எங்கள் வீட்டிலும் அப்படி ஒரு படம் இருக்கிறது. அதைக் குழுவில் போட்டபோது எனக்குக் கிடைத்த முதல் பதில், "திரும்ப ஏரியிலேயே விட்டுட்டீங்களா? குழம்பு வச்சிருக்கலாமே!" அதனால் இந்தக் கேள்விக்குக் கொஞ்சம் நீளமாகவே பதில் சொல்லத் தோன்றுகிறது.

நீங்கள் கேள்விப்பட்ட திட்டத்தின் பெயர் ஷேர்லங்கர். மாநில வனவிலங்குத் துறை 1986-இல் தொடங்கியது. லார்ஜ்மவுத் பாஸ் என்ற நன்னீர் மீனுக்கு மட்டுமான திட்டம் இது. எட்டு பவுண்டு எடை அல்லது 24 அங்குல நீளம் இருந்தால் முதல் படி, பத்து பவுண்டு தாண்டினால் அடுத்த படி, 13 பவுண்டுக்கு மேல் போனால் அதற்கும் மேலே. 13 பவுண்டு என்பது கிட்டத்தட்ட ஆறு கிலோ. ஜனவரி முதல் மார்ச் வரை அப்படி ஒரு மீன் மாட்டினால் அதை உயிரோடு வைத்துக்கொண்டு போன் செய்ய வேண்டும். துறையிலிருந்து ஆளே வண்டியோடு வந்து வாங்கிக்கொண்டு ஏத்தன்ஸ் ஊரில் இருக்கும் பொரிப்பகத்துக்குக் கொண்டுபோவார். அங்கே முட்டையிட வைத்து, குஞ்சுகளை வளர்த்து ஏரிகளில் விடுகிறார்கள். தாய் மீனைப் பிடித்த ஏரிக்கே திருப்பி அனுப்புகிறார்கள். பிடித்தவருக்கு அதே மாதிரி ஒரு பொம்மை மீன் செய்து தருகிறார்கள்.

இதில் நிறையப் பேர் கவனிக்காத விஷயம் ஒன்று உண்டு. முன்பெல்லாம் பெரிய பாஸ் மாட்டினால் அதன் கதை அன்றே முடிந்தது. கொன்று, பாடம் செய்து, சுவரில் மாட்டுவார்கள், இல்லையென்றால் தின்பார்கள். 1932-இல் ஜார்ஜியா மாநிலத்தில் ஜார்ஜ் பெர்ரி என்ற இளைஞர் பிடித்த 22 பவுண்டு 4 அவுன்ஸ் மீன்தான் இன்றும் உலக சாதனை. அதை நிறுத்துப் பார்த்துவிட்டு வீட்டில் சமைத்துச் சாப்பிட்டார்கள். அமெரிக்காவே பொருளாதார மந்தத்தில் தவித்த காலம், அவரைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. ஆனால் அவ்வளவு பெரிய பாஸ் என்றால் அது நிச்சயம் பெண் மீன். வயிற்றில் முட்டையோடு இருக்கும் மீனைக் கொன்றால் என்ன ஆகும் என்று கிராமத்துக் குளத்தில் தூண்டில் போட்ட யாருக்கும் தெரியும். பெயரும் படமும் பொம்மை மீனும் கிடைக்கும் என்றதும் ஆட்கள் தாங்களாகவே உயிரோடு கொண்டுவந்து கொடுக்க ஆரம்பித்தார்கள். சட்டம் போட்டு மிரட்டி இதைச் செய்திருக்க முடியாது. திட்டத்தில் சேர்ந்த முதல் மீன் லேக் ஃபோர்க் ஏரியில் பிடித்தது, எட்டு கிலோ. எத்தெல் என்று பேர் வைத்து, மிசௌரியில் ஒரு கடையின் பெரிய தொட்டியில் 1994 வரை உயிரோடு வைத்திருந்தார்கள்.

எங்கள் மீனும் லேக் ஃபோர்க்கில்தான். டாலஸிலிருந்து கிழக்கே ஒன்றரை மணி நேரம். அணை கட்டியபோது மூழ்கிய மரங்கள் இன்னும் தண்ணீருக்கு மேல் மொட்டையாக நிற்கும். மார்ச் மாதம், அலுவலக நண்பரின் படகு. என் மகன் அப்போது ஆறாம் வகுப்பு. பட்டுப்போன மரத்தடியில் பிளாஸ்டிக் புழுவைப் போட்டு மெதுவாக இழுத்துக்கொண்டிருந்தான். தூண்டில் நரம்பு பக்கவாட்டில் நகர்ந்தது. நான் வாயைத் திறப்பதற்குள் அவனே கழியைத் தூக்கிவிட்டான். மீன் மரத்தைச் சுற்றப் பார்த்தது, நண்பர் படகைப் பின்னால் எடுத்தார். வலையில் ஏறியதும் கையை நனைத்துக்கொண்டுதான் தொட வேண்டும் என்று அவன்தான் எனக்குச் சொன்னான். காய்ந்த கை பட்டால் உடம்பின் வழுவழுப்பு போய்விடும், அப்புறம் புண் வரும்.

அளவுப் பலகையில் படுக்கவைத்தோம். மூக்கு பலகையின் விளிம்பில் முட்ட வேண்டும், வாய் மூடியிருக்க வேண்டும், வாலைச் சேர்த்துப் பிடிக்க வேண்டும். வால் நுனி 24-ஐத் தாண்டிக் கால் அங்குலம். பையன் குனிந்து கோட்டைப் பார்த்தான், நிமிர்ந்து என்னைப் பார்த்தான், மறுபடி குனிந்தான். படம் எடுத்து உடனே தண்ணீரில் இறக்கினோம். ஒரு நிமிடம் அவன் கையிலேயே செவுளை அசைத்துக்கொண்டிருந்துவிட்டுப் போனது. பிறகு இணையத்தில் பதிவு செய்தோம். பரிசுப் பொட்டலத்தில் வந்த ஸ்டிக்கரைத் தூண்டில் பெட்டியின் மூடியில் ஒட்டி, காற்றுக் குமிழி போக நகத்தால் தேய்த்துத் தேய்த்து வைத்திருக்கிறான்.

மீனை முள்ளில் மாட்டி வதைத்துவிட்டுப் பெருமை வேறா என்று சிலர் கீழே எழுதுவார்கள். சைவம் சாப்பிடுபவர்கள் கேட்டால் அந்தக் கேள்வியை மதிக்கிறேன். சனிக்கிழமை தவறாமல் வஞ்சிரம் வாங்குபவர்கள் கேட்டால் மதிக்க முடியவில்லை. கடலில் உயிரைப் பணயம் வைத்துத் தொழில் செய்பவர்களோடு இதை நான் ஒப்பிடவும் இல்லை. அது பிழைப்பு, இது பொழுதுபோக்கு, எனக்கு நன்றாகவே தெரியும்.

எனக்கு இந்தப் பாராட்டு பிடித்ததற்கு இன்னொரு காரணம், சிபாரிசு கிடையாது. பலகையில் 24 காட்டினால் உண்டு, காட்டாவிட்டால் இல்லை. ஜப்பானில் பிவா ஏரியில் 2009-இல் மனாபு குரிதா பிடித்த மீன் பெர்ரியின் மீனைவிட எடை கூடுதல்தான், ஆனால் அந்தக் கூடுதல் ஒரு அவுன்ஸுக்கும் கொஞ்சம் குறைவு. இரண்டு அவுன்ஸாவது கூடுதலாக இருந்தால்தான் புது சாதனை என்பது விதி. அதனால் மீன்பிடி சாதனைகளைப் பதிவு செய்யும் சர்வதேச அமைப்பில் சமன் என்றே எழுதினார்கள். உண்மை கண்டறியும் சோதனைக்கும் அவரை உட்காரவைத்தார்கள். அந்தக் கறார்தான் அந்தப் பெயருக்கு மதிப்பு.

நம் ஆட்கள் நடத்தும் விழாக்களை நினைத்தால் வயிறு எரிகிறது. எந்த ஊர், எந்தச் சங்கம் என்று சொல்ல மாட்டேன். என் மனைவி வார இறுதித் தமிழ்ப் பள்ளியில் வருடக்கணக்காகச் சம்பளம் இல்லாமல் பாடம் எடுத்தார். வீட்டில் வெட்டி ஒட்டிய எழுத்து அட்டைகள் மட்டும் இரண்டு பெட்டி இருக்கும். ஆண்டு விழாவில் பணம் கொடுத்த வீட்டுமனைத் தரகருக்குச் சால்வை, கேடயம், பத்து நிமிடப் பேச்சு. ஆசிரியர்களை மொத்தமாக மேடைக்குக் கூப்பிட்டபோது பாதிக் கூட்டம் சாப்பாட்டு வரிசையில் நின்றது. ஒருவர் பெயரைக்கூட வாசிக்கவில்லை. கேள்விக்கு இதில் சம்பந்தமில்லைதான், சொல்லாமல் இருக்க முடியவில்லை.

சரி, உங்கள் வீட்டில் பிள்ளைகள் இருந்தால் ஒரு முறை கூட்டிப் போய்ப் பாருங்கள். 17 வயதுக்குக் கீழே உரிமம் தேவையில்லை, நீங்களும் தூண்டில் போடுவதாக இருந்தால் உங்களுக்கு வேண்டும். படகெல்லாம் வேண்டாம், கரையிலிருந்தே போடலாம். பெரிய மீனே மாட்ட வேண்டும் என்றும் இல்லை, வாழ்க்கையில் பிடிக்கும் முதல் மீனுக்கென்றே துறை தனியாக ஒரு விருது தருகிறது. எந்த வயதினரும் விண்ணப்பிக்கலாம். படம் எடுக்க மறந்துவிடாதீர்கள்.