கண்ணு சரி, டியர் எதற்கு?

அன்புள்ள ஐயா,

நான் மதுரைப் பக்கம். வேலைக்காகக் கோவை வந்து மூன்று வருடம் ஆகிறது, வயது 34. வந்த புதிதில் தெருமுனையில் காய் விற்கும் அம்மா, "வா கண்ணு, அவரை இன்னைக்குத்தான் வந்துச்சு" என்றார். அந்த ஒரு சொல்லுக்காகவே வேண்டாத அவரைக்காயை அரைக் கிலோ வாங்கினேன்.

போன மாதம் கடன் விஷயமாக ஒரு வங்கிக்குப் போனேன். மேசைக்கு அந்தப் பக்கம் இருந்தவருக்கு என் வயதுதான் இருக்கும். "சொல்லுங்க டியர்" என்றார். ஒரு கையெழுத்து விட்டுப்போயிருந்தது. "இங்க ஒண்ணு போடுடா" என்றார். எனக்கு முன்னால் போன ஆணை அவர் "சார்" என்றுதான் அழைத்தார். எனக்குக் காது சூடாகிவிட்டது. ஒன்றும் பேசாமல் வந்துவிட்டேன். ஆபீசில் சொன்னால், "அவர் எல்லார்கிட்டயும் அப்படித்தான் பேசுவாரா இருக்கும், இதுக்கெல்லாமா கோவிச்சுக்குவாங்க" என்கிறார்கள். காய்க்காரம்மா சொன்னால் இனிக்கிறது, வங்கிக்காரர் சொன்னால் எரிகிறது. கோளாறு என்னிடமா?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

நாம் சந்தித்ததே இல்லை. ஆனாலும் என்னை ‘அன்புள்ள’ என்று எழுதிவிட்டீர்கள், நானும் எழுதிவிட்டேன். இருவருக்கும் கூச்சமில்லை. அந்த வங்கி உங்களுக்கு ஆங்கிலத்தில் கடிதம் போட்டால் அதன் தலையிலும் ‘டியர்’தான் இருக்கும், அதற்கு உங்கள் காது சூடாகாது. ஆக, சொல்லை மட்டும் பிடித்து உலுக்கிப் பயனில்லை.

முன்பின் தெரியாதவரை நாம் மொட்டையாகக் கூப்பிடுவது குறைவு. பஸ்ஸில் கொஞ்சம் தள்ளி உட்காரச் சொல்வதற்குக்கூட ஒரு ‘அண்ணே’ வேண்டும். ஆனால் முறை என்று வந்தால் அதற்கு எதிர்முறை உண்டு. அண்ணன் என்றால் தங்கச்சி, அக்கா என்றால் தம்பி. கல்யாண வீட்டில் கிழவிகள் "நீ எனக்கு என்ன முறை வேணும்?" என்று விடாமல் துளைப்பது திருப்பிக் கூப்பிட ஒரு சொல் வேண்டும் என்பதற்காகத்தான். காய்க்காரம்மா ‘கண்ணு’ என்றதும் உங்கள் வாயில் ‘சொல்லுங்கம்மா’ தானாக வந்திருக்கும். ‘டியர்’ என்பவருக்கு எதைத் திருப்பித் தருவீர்கள்? "இந்தாங்க டியர்" என்று ஃபார்மை நீட்டிப் பாருங்கள். அந்த மேசையில் வேலை நின்றுவிடும்.

எல்லாரிடமும் அப்படித்தான் என்ற வாதத்துக்கும் விடை உங்கள் கடிதத்திலேயே இருக்கிறது. முன்னால் போனவர் டியர் ஆகவில்லையே.

தொல்காப்பியத்தில் பொருளியல் என்ற பகுதியில் ஒரு நூற்பா, ‘அன்னை’ என்று அழைக்கும் பழைய வழக்கம் ஒன்றைச் சொல்கிறது. தோழி தலைவியை அன்னை என்பாள், தலைவியும் தோழியை அன்னை என்பாள் என்று அதற்கு உரை. இரண்டு இளம்பெண்கள், இருவரும் தாயில்லை. நானென்றால் அந்த உரையில் அடிக்கோடு போடுவது அந்த ‘உம்’முக்குத்தான்.

ஒருபக்கமாக மட்டும் ஓடும் உரிமையை நான் சின்ன வயதில் பார்த்திருக்கிறேன், அதைச் செய்தும் இருக்கிறேன். எங்கள் தெருவுக்கு வேலைக்கு வந்த எழுபது வயதுக்காரரைப் பத்து வயதுப் பையன்கள் நாங்கள் பெயர் சொல்லி ‘வாடா’ என்போம். அவர் எங்களைச் ‘சின்னய்யா’ என்பார். வீட்டில் கேட்டால் ‘உரிமையாக் கூப்பிடுறோம்’ என்பார்கள். எங்கள் உரிமை அவர் பக்கம் போனது, அவர் பக்கமிருந்து மரியாதை மட்டும் வந்தது. கிராமத்துப் பாசம் என்று யாராவது உருகினால் எனக்கு அவர் தோளிலிருந்து இறங்கிய துண்டுதான் ஞாபகம் வருகிறது. 1932-இல் ஐரோப்பிய, ரஷ்யப் பயணம் முடித்துத் திரும்பிய பெரியார், இயக்கத்தார் எல்லாரும் ஒருவரையொருவர் ‘தோழர்’ என்றே அழைக்க வேண்டும் என்றார். அங்கே போகிற சொல்லும் வருகிற சொல்லும் ஒன்று.

என்னை யாரும் டியர் என்பதில்லை. ஆண், அறுபது வயது, அதிகம் போனால் ‘பெரியவரே’. அதனால் இந்த எரிச்சல் எனக்குத் தாமதமாகத்தான் புரிந்தது, அதுவும் அம்மாவால்.

அம்மா 81 வயதில் இடுப்பெலும்பு முறிந்து ஒரு மருத்துவமனையில் பதினோரு நாள் கிடந்தாள். தொடக்கப்பள்ளி ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள். பகல் டியூட்டிக்கு வரும் நர்ஸுக்கு இருபத்திரண்டு வயது இருந்தால் அதிகம். "பாட்டிக்குட்டி, ஆ காட்டுங்க, என் செல்லம்ல, பட்டுல்ல, இன்னும் ஒரே ஒரு வாய்!" பெற்ற பிள்ளை நான் இப்படிக் கொஞ்சவில்லையே என்று எனக்குத் தொண்டை அடைத்தது. அம்மா உதட்டைப் பூட்டிக்கொண்டாள். கஞ்சி தாடையில் வழிந்து கழுத்து மடிப்பில் நின்றது. அந்தப் பெண் அதையும் "அச்சச்சோ" என்று கொஞ்சிக்கொண்டே துடைத்தாள். ருசி பிடிக்கவில்லை போல என்று நான் கஞ்சியை ரசம் சாதமாக்கினேன், பிறகு இட்லியாக்கினேன். மூன்று நாள் இப்படிப் போயிற்று.

நான்காம் நாள் இரவு வேறொரு நர்ஸ் வந்தார், கொஞ்சம் வயதானவர். "உங்கள எப்படிம்மா கூப்பிடட்டும்?" என்று கேட்டார். அம்மா கண்ணைத் திறந்து, "டீச்சர்" என்றாள்.

"டீச்சர், மாத்திரை போட்டுக்கலாமா?"

அம்மா கையை நீட்டி வாங்கித் தானே போட்டுக்கொண்டாள். அவர் போனபிறகு என்னிடம் சொன்னாள்: "பகல்ல வர்ற புள்ள நல்ல புள்ளதான். ஆனா என்னைய ஒண்ணாம் கிளாஸ்ல உக்கார வச்சுட்டா. ஒண்ணாம் கிளாஸ் பிள்ளைகள்ட்டயே நான் அப்பிடிப் பேசுனதில்ல."

2009-இல் அமெரிக்காவின் கான்சஸ் பல்கலைக்கழகத்தில் கிறிஸ்டீன் வில்லியம்ஸ் குழுவினர் முதியோர் இல்லங்களில் மறதி நோய் உள்ளவர்களைக் கவனித்துக்கொள்ளும் காட்சிகளைப் படம்பிடித்து ஆராய்ந்தார்கள். குழந்தையிடம் பேசுவதுபோலப் பேசியபோது முதியவர்கள் முரண்டு பிடிப்பது, சாதாரணமாகப் பேசியபோது இருந்ததைவிட ஏறக்குறைய இரு மடங்காக இருந்தது. இதைப் படித்தபோது கஞ்சியை எதற்குக் குறை சொன்னோம் என்று தோன்றியது. ஆனால் இதையும் சொல்ல வேண்டும்: பக்கத்துக் கட்டில் பாட்டிக்கு அந்தப் பகல் நர்ஸ் வந்தால்தான் விடியும். அவள் ‘செல்லம்’ என்றால் இவர் ‘வாடி என் தங்கம்’ என்பார்.

ஆபீசில் ‘இதுக்கெல்லாமா’ என்றவர்களுக்கு ஒரு தகவல். அந்தமானில் துர்கா பூஜை சமயத்தில் பணியில் இருந்த பெண் காவலரிடம், குடித்திருந்த ஒருவர் "என்ன டார்லிங், அபராதம் போட வந்தியா?" என்று இந்தியில் கேட்டார். வழக்கு கல்கத்தா உயர் நீதிமன்றத்தின் போர்ட் பிளேர் அமர்வு வரை போனது. முன்பின் தெரியாத பெண்ணை, அவர் காவலரோ இல்லையோ, டார்லிங் என்பது அப்போதிருந்த இந்தியத் தண்டனைச் சட்டத்தில் பாலியல் தொல்லைக்கான 354ஏ பிரிவின்படி குற்றம்தான் என்று 2024-இல் தீர்ப்பு வந்தது. குடிக்காமல் சொல்லியிருந்தால் குற்றத்தின் கனம் இன்னும் கூடியிருக்கலாம் என்றும் நீதிபதி குறிப்பிட்டார். தண்டனையை மட்டும் ஒரு மாதமாகக் குறைத்தார். உங்கள் வங்கிக்காரரை உள்ளே தள்ளச் சொல்லவில்லை, ‘டியர்’ அவ்வளவு தூரம் போகாது. எரிந்தது உங்களுக்கு மட்டுமில்லை என்பதற்காகச் சொன்னேன்.

கடனுக்கு மறுபடி போகத்தான் வேண்டியிருக்கும். ‘டியர்’ வந்த உடனே, காகிதத்தைப் பார்த்தபடி, "பேர் சொல்லிக் கூப்பிடுங்க, இல்ல மேடம்னு சொல்லுங்க" என்று சொல்லிவிட்டு அடுத்த கையெழுத்துக்குப் போய்விடுங்கள். சிரிக்க வேண்டாம். சிரித்தால் விளையாட்டுக்குச் சொன்னதாகிவிடும். ‘போடுடா’வுக்கும் அதேதான்.

காய்க்காரம்மா உங்களைக் கண்ணு என்கிறார், சரி. நீங்கள் அவரை என்னவென்று கூப்பிடுகிறீர்கள்? கடிதத்தில் அது இல்லை. அடுத்த முறை எழுதுங்கள்.